செம்புப் பட்டையின் சூடு

அணைந்த பல்பு மறுபடியும் சிவக்கத் தொடங்கியதைத் தேவதர்ஷினி முதலில் நம்பவில்லை.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கியது அவள்தான். வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்ததும் அவள்தான். பிறகு, புத்தூரில் அவள் போகும் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, பெட்டிக்குள் சோடா டின் பருமனில் வரிசையாக நின்ற கெபாசிட்டர்களில் தேங்கியிருந்த மின்சாரத்தை வடிப்பதற்காக ஒரு பழைய கார் ஹெட்லைட் பல்பைக் குறுக்கே கட்டினாள். அது மஞ்சளாக எரிந்து, சிவந்து, மங்கி அணைந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். இப்போது இழைக்குள் பீடி நுனி போல ஒரு சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

வடித்த பிறகும் கெபாசிட்டர் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும், தானாக ஏறும் என்று பாடத்தில் உண்டு. பல்பு எரியும் அளவுக்கா? எதையோ செய்யாமல் விட்டுவிட்டோம் என்று தோன்றியது. செய்ததையெல்லாம் மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். எதுவும் விட்டுப்போகவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

"என்னடி, பரீட்சை ஹால்ல முழிக்கிற மாதிரி முழிக்கிற?" என்றான் அண்ணன் அன்புச்செல்வன்.

ரயில்வே பணிமனையில் வேலை அவனுக்கு. வேலை நேரம் போக மீதியெல்லாம் பழைய கம்ப்யூட்டர்கள்தான். ஸ்ரீரங்கத்து வீட்டின் மாடியறையை அடைத்துக்கொண்டு நின்ற இந்த ஆளுயரப் பெட்டியை, பாலக்கரையில் காயலான் கடை வைத்திருக்கும் யூசுப் பாயிடமிருந்து குட்டியானை வேனில் ஏற்றி வந்திருந்தான். மூடிப்போன ஏதோ ஒரு மில்லின் கணக்கு மெஷின். அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம். அதற்குள் இதைப் பிரித்து இறக்கி அறையைக் காலி செய்ய வேண்டும். அப்பாவும் அம்மாவும் காட்டூர்ப் பக்கம் பத்திரிகை வைக்கப் போயிருந்தார்கள்.

"மோதிரத்தைக் கழட்டுண்ணா."

"சோப்பு போட்டும் வரல. வெட்டித்தான் எடுக்கணும். நிச்சயதார்த்த மோதிரத்தை வெட்டினேன்னு தெரிஞ்சா வைஷ்ணவி என்னை வெட்டிடுவா."

"விளையாடாத. அஞ்சு வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஆனா நூத்தம்பது ஆம்பியர். மோதிரம் பின்னாடி கரண்ட் போற ரெண்டு செம்புப் பட்டைக்கும் நடுவுல பட்டுச்சுன்னா அப்படியே பழுத்துடும். விரலோட."

"சரிங்க டீச்சர்."

"அந்தக் கையைப் பேண்ட் பாக்கெட்ல விடு. நான் சொல்ற வரைக்கும் வெளியே எடுக்காத."

அவன் சிரித்துக்கொண்டே வலது கையைப் பைக்குள் விட்டான். அப்போதுதான் தெருவில் கரண்ட் போனது. பக்கத்து வீட்டு டிவி பாதிச் சொல்லில் நின்றது. கொள்ளிடத்துப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் ஜன்னல் கதவு ஒருமுறை முனகி அடங்கியது. அன்பு இடது கையில் போன் வெளிச்சத்தைப் பிடிக்க, அவள் பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, பிடியில் டேப் சுற்றிய ஸ்பேனரால் செம்புப் பட்டைகளின் நட்டுகளைத் தளர்த்தினாள். வெந்த தூசி, பழைய வார்னிஷ், காய்ந்த எலிப்புழுக்கை என்று வாசனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அவற்றுக்கடியில் இன்னொன்றும் இருந்தது. நகம் கருகுவது போல.

பட்டையைத் தொட்டாள். சூடாக இருந்தது. ஓடி நின்ற மெஷினின் சூடு இல்லை அது. யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் கையை எடுத்த இடம் போல, இதமான, ஈரமான சூடு.

அந்த இடத்தில் புதிதாக அரம் போட்ட கீறல்கள் தெரிந்தன.

"இங்க என்னத்தை அராவின?"

"அதுவா? ரெண்டு பட்டைக்கும் நடுவுல ஒரு பொட்டுத் தங்கம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பழைய மெஷின்ல தங்கம் கிடைக்கும்ல? அராவி எடுத்து ஆசாரிகிட்ட குடுத்தேன். இந்த மோதிரத்துல சேத்து உருக்கிட்டாரு." அவன் குரலில் பெருமை இருந்தது. "எப்பிடி நம்ம மூளை?"

ஸ்பேனர் அவள் கையில் நின்றுவிட்டது. கனெக்டர் பின்களில் தங்க முலாம் பூசுவார்கள். செம்புப் பட்டையில் யாரும் பூசுவதில்லை. அங்கே தங்கம் ஒட்டியிருந்தால், அது யாரோ விரலில் போட்டிருந்ததுதான்.

"அண்ணா, யூசுப் பாய் இதைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"யாரோ ஆபரேட்டருக்குக் கை போச்சுன்னாரு. மறுநாளே ஆளும் செத்துட்டானாம். பழைய சாமான்னா ஒரு கதை இருக்கத்தானே செய்யும்."

பெட்டிக்குள் மின்விசிறி சுழலத் தொடங்கியது.

முதலில் ஒரு முனகல். பிறகு சீரான ரீங்காரம். தெருவே இருண்டு கிடந்தது. சுருட்டிய வயர் மேசைமேல் வைத்தபடியே இருந்தது. விசிறி சுற்றியது. பல்பின் சிவப்பு மஞ்சளானது.

"தர்ஷி, என் போன் செத்துப்போச்சு," என்றான் அன்பு. இப்போது அறையில் இருந்த ஒரே வெளிச்சம் அந்தப் பல்புதான்.

கடைசி நட்டு. ஸ்பேனர் நழுவியது. மறுபடி. கழன்றது. பட்டையை இழுத்துத் தரையில் போட்டாள். விசிறி நின்றது. பல்பு நிற்கவில்லை. வெள்ளையாக, கண் கூசும்படி எரிந்தது. கட்டரை எடுத்தாள். பல்பின் வயரை வெட்டினாள்.

பல்பு அணைந்தது.

மூச்சு விட்டாள். முடிந்தது. அண்ணனின் கை தப்பித்தது.

அதன் பிறகுதான் கவனித்தாள். தரையில் கிடந்த பட்டை தெரிந்தது. தன் விரல்கள் தெரிந்தன. எல்லாம் மங்கலான சிவப்பில்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

"தர்ஷி." அண்ணனின் குரல் சின்னப் பையனுடையது போல ஒடுங்கியிருந்தது. "கை வர மாட்டேங்குது."

"மோதிரம் துணியில மாட்டிக்கிச்சா?"

"இல்ல."

"இழுத்துப் பாரு."

"இழுக்கிறேன்டி. உள்ள யாரோ பிடிச்சிருக்காங்க."

அவள் பெட்டியைச் சுற்றி வந்தாள். சுவரில் முதுகை ஒட்டி நின்றிருந்தான். இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தான். தோள் அசைந்தது. முழங்கை அசைந்தது. கை அசையவில்லை. பைத் துணிக்கடியில் விரல் கணுக்கள் புடைத்திருந்தன. அவன் கணுக்கள். அவற்றின்மேல் இறுக்கமாகக் கோத்தபடி, இன்னொரு கையின் கணுக்கள். அவற்றுக்கு நடுவே, துணிக்குள்ளிருந்து, சின்னதாக ஒரு வட்டம் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்துக்கொண்டே வந்தது.