பதினோரு திருப்பங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மதுவந்தி எந்தப் போட்டியிலும் ஏமாற்றியதில்லை. கேரம் விளையாடும்போது ஒரே ஒருமுறை காயை முழங்கையால் தள்ளியிருக்கிறாள். அதையும் அடுத்த நிமிடமே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

மின்சாரக் கார் பந்தயத்தில் அப்படி நடக்கவில்லை.

கொல்கத்தா நியூ டவுனில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் அந்தப் பந்தயம் நடந்தது. ஏற்பாடு செய்தவர் ஒன்பதாவது மாடி முத்துக்குமார் அங்கிள். அவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஆனால் மனசெல்லாம் பந்தயக் கார்களில். வங்காளிப் பிள்ளைகள் அவரை ‘முத்து காகு’, அதாவது முத்துச் சித்தப்பா, என்று கூப்பிடுவார்கள்.

கார் ஒரு முழ நீளம் இருக்கும். ஒரே ஒரு இருக்கை. ரிமோட்டில் ஓடும். எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி பேட்டரி. காலையில் அங்கிள் முழு சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிடுவார். பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் அந்த ஒரே சார்ஜ்தான். மறுபடி ஏற்றக் கூடாது. இருபது நிமிடத்தில் யாருடைய கார் அதிகச் சுற்று ஓடுகிறதோ அவர்களுக்கு வெற்றி.

பாதையை மட்டும் ஒவ்வொரு அணியும் தன் இஷ்டத்துக்கு வரைந்துகொள்ளலாம். ஒரு சுற்று நாற்பது மீட்டர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜெயிக்கிற பாதையைப் பின்பக்க சிமெண்ட் தரையில் மஞ்சள் பெயிண்டில் வரைந்துவிடுவார்கள். அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் கார் ஓட்டுவார்கள்.

மதுவந்தியும் எதிர் வீட்டுச் சாய்பிரியாவும் ஓர் அணி. ரிமோட் மதுவந்தியிடம். பாதை போட்டது சாய்பிரியா. அவள் பாதையில் பதினோரு திருப்பங்கள்!

“எதுக்குடி இவ்வளவு வளைவு? தலை சுத்துது” என்றாள் மதுவந்தி.

“நேர் ரோட்டுல பட்டனை முழுசா அமுக்கி ஓட்டுவோம். பேட்டரி மடமடன்னு காலியாகும். திருப்பத்துல பட்டனை விட்டுடுவோம். அப்போ சக்கரம் மோட்டாரைச் சுத்தும், கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்கே திரும்பி வரும். பெரிய மின்சாரக் கார் பந்தயத்தையெல்லாம் ஏன் ஊருக்கு நடுவுல, வளைஞ்சு நெளிஞ்ச தெருவுல வைக்கிறாங்கன்னு நினைக்கிறே?”

“தெரியலை.”

“இதுக்காகவும்தான்!”

காரின் இருக்கையில் உட்கார ஒரு களிமண் பொம்மையும் செய்தார்கள். பாதி பிங்பாங் பந்து அதற்கு ஹெல்மெட். பொம்மைக்கு ஜகதாம்பாள் என்று பெயர் வைத்தாள் சாய்பிரியா. “இவ்வளவு பெரிய பேர் இருந்தா கார் பறக்காது, நிதானமா போகும்” என்றாள்.

பந்தய நாள் காலையில் சைதன்யா ஓட்டினான். அவனும் மதுவந்தியும் ஒரே வகுப்பு. அவன் பாதை நீளமாக, நேராக, சுவரோரமாகப் போனது. கார் சீறிக்கொண்டு பறந்தது. பிள்ளைகள் கத்திக் கூச்சல் போட்டார்கள். பதினாலாவது நிமிடத்தில் பேட்டரி தீர்ந்து கார் நின்றது. அதற்குள் ஐம்பத்தெட்டுச் சுற்று!

மதுவந்தியின் முறை மதியம் மூன்று மணிக்கு. சாய்பிரியா சாப்பிடப் போயிருந்தாள். மதுவந்தி வீட்டு வராந்தாவில் காரை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். இன்னும் ஒரு தடவை. அப்புறம் இன்னும் ஒரு தடவை. பேட்டரியில் இருந்த நாலு பச்சை விளக்குகளில் ஒன்று அணைந்துவிட்டது.

அவள் காரை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனாள். மேஜையோரம் அப்பாவின் சார்ஜர் தொங்கிக்கொண்டிருந்தது.

‘நான் வீணாக்கினதை நானே நிரப்பப் போறேன். அவ்வளவுதானே?’

அரை மணி நேரம் கழித்து நாலு விளக்குகளும் எரிந்தன.

அன்று அவர்கள் கார் அறுபத்தொரு சுற்று ஓடியது. சாய்பிரியா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். மதுவந்தியும் குதித்தாள். ஆனால் கால் மட்டும்தான் குதித்தது.

திங்கட்கிழமை லிப்டில் சைதன்யாவின் அம்மா அவள் கன்னத்தைத் தட்டினார். செவ்வாய்க்கிழமை சைதன்யாவே ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தான்.

“அம்மா கொடுத்தாங்க. ஜெயிச்சவங்களுக்கு” என்று வங்காளத்தில் சொன்னான். “உங்க பாதை சூப்பர். எனக்குத்தான் வளைவே பிடிக்காது.”

மதுவந்தி நன்றி சொன்னாள். சந்தேஷ் தொண்டையில் மண் மாதிரி இறங்கியது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் படம் வந்தது. அம்மா அதை ஊரில் இருக்கும் எல்லாச் சித்திகளுக்கும் அனுப்பினாள். போனில் ஒவ்வொரு பாராட்டு வரும்போதும் மதுவந்தி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“வயிறு சரியில்லையா?” என்று கேட்டாள் அம்மா.

“ஆமாம்மா” என்றாள். அதுவும் பாதிப் பொய்.

சனிக்கிழமை சாயங்காலம் சாய்பிரியா கணக்கு நோட்டோடு வந்து தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பெயிண்டர் வருகிறார்.

“மது, ஒரு விஷயம் உதைக்குதுடி. பந்தயத்துக்கு முன்னாடியே, பயிற்சிக்குப் போன சார்ஜைக் கழிச்சு நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன். எப்படிப் போட்டாலும் அறுபதைத் தாண்டாது. நம்ம கார் அறுபத்தொண்ணு ஓடிடுச்சு. எப்படி?”

மதுவந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சு! திருப்பத்துல நான் நினைச்சதைவிட அதிகமா கரண்ட் திரும்பி வருது. என் கணக்குதான் தப்பு. நாளைக்கு முத்து அங்கிள்கிட்ட காட்டணும்.”

சாய்பிரியா ரப்பரை எடுத்து, தான் போட்ட கணக்கை அழிக்க ஆரம்பித்தாள். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியும் போயிற்று. ஒரு வாரம் உட்கார்ந்து போட்ட கணக்கு. சரியான கணக்கு.

“அழிக்காதே” என்றாள் மதுவந்தி.

“ஏன்?”

“உன் கணக்கு தப்பில்லை.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. “நான்... மத்தியானம் பேட்டரியை சார்ஜ் போட்டேன். அரை மணி நேரம்.”

சாய்பிரியாவின் கையில் ரப்பர் அப்படியே நின்றது.

“விளையாடறியா?”

மதுவந்தி இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டியது.

“அப்போ என் பாதை ஜெயிச்சுதா, உன் சார்ஜர் ஜெயிச்சுதா?” சாய்பிரியாவின் முகம் சிவந்துவிட்டது. “எனக்கு இனிமே எப்படிடி தெரியும்?”

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எதிர் வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மதுவந்தி ரொம்ப நேரம் ரப்பர் தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள். லிப்டில் போனால் யாராவது பாராட்டிவிடுவார்களோ என்று பயந்து, ஒன்பதாவது மாடிக்குப் படியேறியே போனாள்.

முத்துக்குமார் அங்கிள் கதவைத் திறந்தார். மூச்சு வாங்க, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சார்ஜர், விளக்கு, அரை மணி நேரம், எதையும் விடவில்லை.

அங்கிள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாய்பிரியாவுக்கு இது தெரியுமா?”

“இப்பத்தான் சொன்னேன். அவ மேல தப்பே இல்லை அங்கிள். தப்பு முழுக்க என்னோடதுதான்.”

“சைதன்யாவுக்கு?”

“இனிமேதான் சொல்லணும்.”

“நான் போன் பண்ணட்டுமா?”

அவளுக்கு ஆமாம் என்று சொல்லத்தான் ஆசை. “வேண்டாம் அங்கிள். நானே போறேன்” என்றாள்.

சைதன்யா தன் வீட்டு வாசலில் நின்று அவள் சொன்னதைக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் புருவம் நெற்றிக்கு ஏறியது.

“என் சந்தேஷைத் திருப்பிக் கொடு!”

“தின்னுட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“தம்பி ரெண்டு தின்னான். மிச்சம் நான்தான்.”

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்று மதுவந்தியின் முகத்துக்கு நேராகச் சாத்திய இரண்டாவது கதவு அது. இருந்தாலும், கீழே இறங்கும்போது படிகள் ஏறியபோது இருந்ததைவிடக் குறைவாக இருந்த மாதிரி தோன்றியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மதுவந்தியின் அணிக்கு மட்டும் மறுபந்தயம் என்று அங்கிள் அறிவித்தார். காரணத்தை அவர் சொல்லவில்லை. மதுவந்தியே எல்லார் முன்னாலும் நின்று வங்காளத்தில் சொன்னாள். இருபது பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். யாரோ ஒருத்தி “ச்சீ” என்றாள். மதுவந்தி காது மடல் எரிய நின்றாள். ஓடிப் போகவில்லை.

சாய்பிரியா தரையில் சாக்பீஸால் பதினோரு திருப்பங்களையும் மறுபடி வரைந்து முடித்தாள். மதுவந்தி பக்கம் திரும்பவே இல்லை.

“யார் ஓட்டப் போறா?” என்று கேட்டார் அங்கிள்.

“சைதன்யா” என்றாள் சாய்பிரியா.

எல்லாரும் திகைத்தார்கள். சைதன்யா தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, “நானா? நான் ஐம்பத்தெட்டைத் தாண்டினா என் பாதை தோத்துடுமே!” என்றான்.

“அதனாலதான். நீ ஓட்டி ஜெயிச்சா, அப்புறம் யாரும் சந்தேகப்பட முடியாது.”

“வேணும்னே மெதுவா ஓட்டுவேன்னு பயம் இல்லையா?”

“ஓட்டுவியா?”

“நான் ஏமாத்துறவன் இல்லை” என்றான் சைதன்யா. சொன்ன பிறகுதான் மதுவந்தி பக்கத்தில் நிற்பதைப் பார்த்தான். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சுத்துகளை யார் எண்ணுறது?” என்றார் அங்கிள்.

சாய்பிரியா கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்தாள். பிறகு நேராக மதுவந்தியிடம் வந்து அதை நீட்டினாள்.

“நீ எண்ணு.”

மதுவந்தியால் நம்ப முடியவில்லை. “நானா?”

“உன் மேல இன்னும் கோபம் போகலை. ஆனா நேத்து நீ வாயைத் திறக்கலைன்னா நான் தப்புக் கணக்கைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன். எண்ணு.”

கார் கிளம்பியது. முதல் சில சுற்றுகளில் சைதன்யா திருப்பத்துக்குள் வேகமாகப் புகுந்து இரண்டு முறை பாதையோரம் வைத்திருந்த செங்கல்லில் இடித்தான். “விடு, பட்டனை விடு!” என்று சாய்பிரியா கத்தினாள். ஏழாவது சுற்றில் அவனுக்கு வழி பிடிபட்டது. திருப்பத்துக்கு முன்னாலேயே பட்டனை விட்டான். கார் மெல்ல முனகிக்கொண்டு வளைந்தது.

மதுவந்தி சுற்று தொடங்கும் கோட்டருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் தரையில் ஒரு கோடு போட்டாள். யாரோ கொண்டுவந்து நீட்டிய ஜால்முடிக் காரப்பொரியைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐம்பது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு.

ஐம்பத்தொன்பதாவது கோடு விழுந்ததும் சைதன்யா தலையில் கை வைத்துக்கொண்டான். “ஐயோ, என்னை நானே தோற்கடிச்சுட்டேன்!” பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் குறைந்தது. பத்தாவது திருப்பம். பதினோராவது திருப்பம். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது.

“அறுபது!” என்று கத்தினாள் சாய்பிரியா. “மது, கோடு போடு! ஒரு சாண்தானே, அறுபதுதான்!”

எல்லாரும் மதுவந்தியைப் பார்த்தார்கள். அவள் கையில் சாக்பீஸ் வியர்வையில் நனைந்திருந்தது.

“கோட்டைத் தாண்டலை” என்றாள் அவள். “ஐம்பத்தொன்பது.”

சாய்பிரியா குனிந்து காரைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். தன் கையை விரித்து இடைவெளியை அளந்தும் பார்த்தாள். பிறகு பெயிண்ட் டப்பாவோடு காத்திருந்த அங்கிளிடம் திரும்பினாள்.

“ஐம்பத்தொன்பதுன்னே எழுதிக்கோங்க அங்கிள். மது எண்ணினது சரியாத்தான் இருக்கும்.”