சர்மிளா தொட்ட கிரீம் டப்பா

வெள்ளிக்கிழமை காலை, தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரி வாசலில் கிஷாந்த் கோபமாக வந்து நின்றான். அவன் பின்னால் முகத்தைத் துவாயால் மூடிய தங்கை ஜெயந்தினி. அவளுக்கும் பின்னால், கையில் பயணப் பையோடு அவன் மனைவி சர்மிளா.

"மிஸ்ஸி, இந்த டப்பாவுல என்னா கலந்திருக்குனு பாத்துச் சொல்லுங்க. கலந்தது இவதான். பதினொரு மணி பஸ்ஸுல வட்டகொடைக்கு ஏத்தி விட்டுறப் போறேன். அவ அம்மா வீட்டுலயே கெடக்கட்டும்."

மருத்துவமாது கனகாம்பிகை யாழ்ப்பாணத்துக்காரர். எதற்கும் அவசரப்பட மாட்டார். அவருக்கும் சேர்த்து அவசரப்பட உதவியாளர் பூரணி இருந்தாள்.

"பொறாமதான் மிஸ்ஸி!" என்றாள் பூரணி, டப்பாவை முகர்ந்தபடி.

"பொறும் பூரணி. பிள்ளை, துவாயை எடும்."

கண்ணிமைகள் வீங்கி, கன்னமெல்லாம் சிவந்து தடித்திருந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது.

"மூச்சு முட்டுதோ?"

"இல்லங்க. எரியுது, அரிக்குது. பத்து நாள்ல கல்யாணம் மிஸ்ஸி" என்று அழுதாள் ஜெயந்தினி. "இந்த மூஞ்சிக் கிரீம ஞாயித்துக்கெழம தலவாக்கலை கடையில வாங்குனேன். மொதல்ல கையில பூசிப் பாக்கச் சொன்னாங்க. அன்னைக்கே பூசுனேன், ரெண்டு நாளா ஒண்ணும் ஆகல. செவ்வாக்கெழம சாயந்தரம் மதினி டப்பாவத் தொறந்தாங்க. புதன்கெழம மூஞ்சில பூசுனேன். வியாழக்கெழம விடிஞ்சா இப்படி!"

"கொஞ்சமா எடுத்து என் கையில போட்டேன், அம்புட்டுதான்" என்றாள் சர்மிளா. அவள் கையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

பூரணி உடனே கட்சி மாறினாள். "வெஷம் கலந்தவ தன் கையிலயே பூசுவாளா?"

"கலக்குறதுக்கு முந்தியே பூசியிருப்பா" என்றான் கிஷாந்த்.

பூரணிக்குத் தலை சுற்றியது. கனகாம்பிகைக்கும் குழப்பம்தான். செவ்வாய் வரை நல்ல கிரீம், புதனன்று கெட்ட கிரீம், நடுவில் தொட்டவள் ஒருத்தி. கணக்கு நேராக இருந்தும் அவருக்கு மனம் ஒப்பவில்லை.

"எங்கை பூசினனீர்? காட்டும்."

ஜெயந்தினி வலது உள்ளங்கையை நீட்டினாள். எட்டு வருடம் கொழுந்து பறித்த கை. விரல்களில் கறை ஏறி, தோல் காய்த்துக் கட்டையாகியிருந்தது. அதற்குக் கீழே, மணிக்கட்டின் உட்புறம் சிவப்பாக ஒரு திட்டு.

"இது என்ன?"

"அட்டக்கடிங்க. செவ்வாக்கெழம காலையில மலையில கொழுந்து எடுக்குறப்ப அரிக்க ஆரம்பிச்சிச்சு."

"இரத்தம் வந்ததோ?"

"வரல."

கனகாம்பிகை நிமிர்ந்தார்.

"அட்டை கடிச்சால் இரத்தம் லேசிலை நிக்காது. இதிலை கடிச்ச தடமும் இல்லை. உள்ளங்கையிலை தேய்ச்ச கிரீம் மணிக்கட்டிலையும் பட்டிருக்கு. காய்ச்ச தோலுக்கு ஒண்டும் தெரியேல்லை. மெல்லிய தோல் காட்டிக் குடுத்திட்டுது. எப்ப? செவ்வாய் காலமை. சர்மிளா டப்பாவைத் திறந்தது எப்ப?"

"சாயந்தரம்" என்றாள் பூரணி, வாயைப் பிளந்து.

"அப்ப அவள் தொட முன்னமே இது உமக்கு ஒத்துவராத கிரீம், பிள்ளை. ஒருத்தரும் ஒண்டும் கலக்கேல்லை. முழங்கை மடிப்பிலை பூசிப் பார்த்திருந்தால் அப்பவே தெரிஞ்சிருக்கும். இனி இதைத் தொடாதையும். மஞ்சள், தேசிக்காய்ச் சாறு ஒண்டும் பூசாமல், இண்டைக்கே டப்பாவோடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டும்."

ஜெயந்தினி வெட்கத்தில் தலை குனிந்தாள். "மதினி, மன்னிச்சிருங்க."

"நீ சின்னப் புள்ள, போ" என்றாள் சர்மிளா.

கிஷாந்த் அசட்டுச் சிரிப்போடு கையை நீட்டினான். "சரி, பையக் குடு. வீட்டுக்குப் போவோம்."

சர்மிளா கொடுக்கவில்லை. வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"கல்யாணம் கட்டி மூணு வருசமாச்சு. நான் செஞ்சேனா இல்லையான்னு ஒரு வார்த்த என்கிட்ட கேக்கல நீங்க. மிஸ்ஸி சொன்னாத்தான் பொண்டாட்டிய நம்புவீங்களா?"

பஸ் வந்து நின்றது. அவள் ஏறிக்கொண்டாள்.

"எப்ப வருவ?" என்று ஓடினான் கிஷாந்த்.

"எங்க அம்மா முன்னுக்கு வந்து கேளுங்க" என்றாள் ஜன்னல் வழியாக. பஸ் வட்டகொடைக்குப் புறப்பட்டது.