கூப்பிடு தூரம்

கசெற்றில் அவளுடைய சொந்தக் குரலே ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது. அப்படி நிறுத்தியதாக நீலவேணிக்கு ஞாபகம் இல்லை.

மணி நாலே கால்தான், ஆனால் ஜனவரி மாதத்து லண்டனில் நாலே காலுக்கு வெளிச்சத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். இரண்டு நாளாகக் கொட்டிய பனி ஹரோவின் அந்தத் தெருவை வாய் பொத்தி வைத்திருந்தது. கார் இல்லை, பஸ் இல்லை, பக்கத்து வீட்டு நாயின் சத்தம்கூட இல்லை, கூரையிலிருந்து பனி சறுக்கி விழும் பொத்தென்ற ஓசையும், சுவர்க் குழாய்க்குள் சுடுதண்ணீர் ஓடும் முணுமுணுப்பும், காலடியில் இருந்த ஹீற்றரில் தூசி கருகும் மணமும்தான் மாடியின் அந்தச் சின்ன அறையில் அவளுக்குத் துணை. மேசையில் திறந்தபடி ஒரு தடித்த பாடப்புத்தகம் இருந்தது. அதன் பக்கத்தில் கசெற் ரெக்கோடர்.

அவள் தபால் வழியாகப் பட்டத்துக்குப் படிக்கிறாள். நாற்பது வயதில் ரோமாபுரிச் சரித்திரம் எதற்கென்று கேட்ட சொந்தக்காரரிடம், "சும்மா ரீவி பாக்கிறதைவிட நல்லம்தானே" என்பாள். படிப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் உரத்துச் சொல்லிப் பதிவாள். பிறகு அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவாள். தமிழில் சொல்லாத எதுவும் அவளுடைய மண்டையில் தங்காது. இப்போது எழுத வேண்டிய கட்டுரை, ரோமர் காலத்துச் சிசிலித் தீவின் அடிமைகள் ஏன் எழுந்தார்கள் என்பது.

"குளிருக்கு உடுப்புக் கேட்டவர்களை எசமான் கட்டிவைத்து அடித்தான்," என்று கசெற்றின் குரல் ஆசிரியைகளுக்கே உரிய நிதானத்தோடு சொல்லிக்கொண்டு போனது. "நானூறு பேர் அரிவாளும் கோடரியும் சூட்டுக்கோலுமாக மலைமேலிருந்த நகரத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளுக்குள் இருந்த அடிமைகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். எசமானியை அவளுடைய வேலைக்காரிகளிடமே ஒப்படைத்தார்கள். அவர்கள்..."

பிறகு ஒன்றுமில்லை. நாடா ஓடும் இரைச்சல் மட்டும். ஐந்து விநாடி, ஆறு விநாடி. அதன்பின் அதே குரல், தேவைக்கு மேலே உரத்து: "அவர்கள் அவளை மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டார்கள்."

நீலவேணி கசெற்றை நிறுத்தினாள். அதன் மேல் எழுதியிருந்த திகதியைப் பார்த்தாள். பாமா செத்த நாள்.

பாமா மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்றவளை மூன்று வருடங்களுக்கு முன் சொந்தக்காரப் பிள்ளை என்று சொல்லி லண்டனுக்குக் கூட்டிவந்தார்கள். விருந்தாளிகள் வந்தால் "எங்கட ஒண்டுவிட்ட தங்கச்சி" என்பாள் நீலவேணி; விருந்தாளிகள் போனதும் தங்கச்சி குசினி நிலத்தில் இருந்து தன்னுடைய தனிக் கோப்பையில் சாப்பிடுவாள். தங்கச்சியின் பாஸ்போட் நீலவேணியின் அலுமாரியில், கூறைச் சேலைக்கு அடியில் கிடந்தது. குசினிக்கு அப்பால், கராஜைப் பலகையால் மறித்து உண்டாக்கிய அறையில்தான் படுக்கை. அங்கே ஹீற்றர் இல்லை. சாமான் அறையாக இருந்த காலத்துத் தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கத்தில் அப்படியே இருந்தது. இதே நீலவேணிதான் எண்பத்துமூன்றுக் கலவரத்தின்போது ஹைட் பார்க்கில் நின்று "நாங்கள் அடிமைகள் இல்லை" என்று தொண்டை கட்டும்வரை கத்தியவள்.

ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுவந்த பாமா கதவடியிலேயே நின்றாள். "அம்மா, அந்தச் சனங்க கடைசியில தப்பிச்சாங்களா?"

"எந்தச் சனம்?"

"நீங்க சொல்லிச் சொல்லிப் பதியிறீங்களே, அந்த அடிமைங்க. கீழ ரூம்ல படுத்திருந்தா எல்லாம் கேக்குங்கம்மா."

"இல்லை. எல்லாரையும் பிடிச்சிட்டாங்கள்," என்று சொல்லிவிட்டு நீலவேணி தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள்.

அடுத்த கிழமை பாமா முன்னறைச் சோபாவில் ஏறி இருந்தாள். சமைக்கவில்லை, கூட்டவில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்த வீட்டில் நடந்த கலகம் அவ்வளவுதான்.

"என் பாஸ்போட்டத் தாங்கம்மா. நான் போறேங்க."

"எங்க போவாய்?"

"தெரியலைங்க. போறேன்."

நீலவேணிக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் அறைக்குள் விட்டு, தாழ்ப்பாளைப் போட்டாள். ஒரு மணித்தியாலம் மண்டை குளிரட்டும் என்று நினைத்தாள். மேலே வந்து, ரெக்கோடரை அமத்தி, அடிமைகளின் துன்பத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

பாமாவுக்குத் தொய்வு வருத்தம். குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். வாயில் வைத்து இழுக்கிற பம்ப் குசினி அலுமாரியில் இருந்தது.

அம்புலன்சைக் கூப்பிடுவதற்கு முன்பே தாழ்ப்பாளைக் கழற்றிக் குப்பையில் போட்டு, ஆணித் துளைகளை அடைத்து, மேலே வெள்ளைப் பெயின்ற் பூசிவிட்டாள். பொலிசுக்கும் ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் கணவன் தில்லையம்பலத்துக்கும் ஒரே கதைதான் சொன்னாள்: நான் மேலே இருந்தேன், அந்த அறையில் கத்தினாலும் மேலே கேட்காது. மஸ்கெலியாவில் இருந்த தாய்க்கு, பிள்ளை நித்திரையிலேயே போய்விட்டாள் என்று கடிதம் எழுதினாள். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்த சிநேகிதி சிவமலர், "சொந்தப் பிள்ளை மாதிரியெல்லோ வைச்சிருந்தனீங்கள்" என்று கையைப் பிடித்து அழுதபோது நீலவேணியும் சேர்ந்து அழுதாள். அந்த அழுகையை நினைக்கும்போதெல்லாம் தன் தோலை உரித்து எறியவேண்டும் போல அவளுக்குக் கூசியது.

இப்போது இந்தக் கசெற். தில்லையம்பலம் ஒரு தரம் போட்டுக் கேட்டால் போதும். ஏன் நிறுத்தினாய், ஏன் பிறகு உரத்துச் சொன்னாய் என்று கேட்பான். அதற்கான பதில் அந்த ஆறு விநாடிக்குள்ளேயே இருந்தது. அவள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இடத்தைச் சரியாகப் பிடித்து அதற்கு மேலே வேறு ஏதாவது பதிந்து அழித்துவிடலாம் என்று பின்னுக்குச் சுற்றினாள். மீண்டும் போட்டாள்.

"அவர்கள்..."

இரைச்சல். இம்முறை எண்ணினாள். பதினொன்று வரை போனது. முதலில் ஆறுதானே இருந்தது? தன் எண்ணிக்கையைத்தான் அவள் சந்தேகப்பட்டாள்.

கீழே தொலைபேசி அடித்தது. ரெக்கோடரை நிறுத்திவிட்டு ஓடினாள்.

"வேணி, இஞ்ச ரெயின் ஒண்டும் ஓடேல்லை," என்றான் தில்லையம்பலம். "இண்டைக்கு ஆஸ்பத்திரியிலதான் படுக்கவேணும். தனியாப் பயமோ?"

"என்ன பயம்? நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

"ஆரும் வந்திருக்கினமோ?"

"இல்லையே. ஏன்?"

"பின்னால ஆரோ கூப்பிட்ட மாதிரிக் கிடந்தது. லைன் பிழையாக்கும்."

அவன் வைத்த பிறகும் அவள் றிசீவரைக் காதில் வைத்தபடி நின்றாள். சொல்லிவிடுவோமா என்று ஒரு கணம் தோன்றியது. திருப்பி எடுத்து, இஞ்சாருங்கோ, எனக்குக் கேட்டது என்று மூன்று சொல் சொன்னால் போதும். குசினிப் பக்கமிருந்து காலில் குளிர் ஊர்ந்து வந்தது. அதோடு கோடாலித் தைல மணமும் மெல்லியதாக வந்தது. பாமா இரவில் நெஞ்சில் பூசுகிற தைலம். நீலவேணி திரும்பிப் பாராமல் படியேறினாள்.

புத்தகம் வேறு பக்கத்தில் திறந்து கிடந்தது. எழும்பும்போது தன் கைதான் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். போன கிழமை வாசித்துவிட்டு அவசரமாக மூடிய பக்கம் அது. அடிமைகளுக்குப் பயந்த ரோமர் வைத்திருந்த சட்டம். எசமான் தன் வீட்டில் கொல்லப்பட்டால், கூப்பிடு தூரத்தில் இருந்தும் உதவிக்கு வராத அடிமைகள் அத்தனை பேரும் சாகவேண்டும். கேட்கவில்லை என்ற சாட்டு எடுபடாது. ஒரே கூரைக்குக் கீழ் இருந்தாய், கேட்டிருக்கும், வரவில்லை. அடிமைகளுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம். எசமானிமாருக்கு அப்படி ஒரு சட்டமும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதை நினைத்து அன்றைக்கு ஒரு விநாடி நிம்மதிப்பட்டதும், நிம்மதிப்பட்டதற்காக வெட்கப்பட்டதும் அவளுக்கு நினைவு வந்தது.

மூன்றாம் முறை போட்டாள்.

"அவர்கள்..."

இரைச்சல். கதிரை கிறீச்சிட்டது. யாரோ எழும்பும் சத்தம். பலகைத் தரையில் வெறுங்கால். நான்கு அடி. கதவு திறக்கிறது. அது அவள்தான், அன்றைக்கு எழும்பி மாடிப்படித் தலைப்பு வரை வந்து, கைபிடியில் கைவைத்து நின்றது அவள்தான். அதைக்கூட மறந்துபோனாளா, அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டாளா?

நாடாவின் ஆழத்திலிருந்து, தட்டும் சத்தம். மூன்று தட்டு. பிறகு ஒரு குரல்.

"அம்மா..."

நீலவேணி நாடாவை நிறுத்தினாள்.

"அம்மா..."

அது நாடாவிலிருந்து வரவில்லை.

கீழேயிருந்து வந்தது. சுவர்க் குழாய் வழியாக, பலகைத் தரை வழியாக, அவளுடைய உள்ளங்கால் வழியாக. மூச்சை இழுத்து இழுத்து. "பம்பு... அம்மா..."

பதிவுப் பொத்தானில் இருந்தது விரல். அமத்தினால் எல்லாம் அழிந்துவிடும். அமத்திவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு விடியும்வரை இருக்கலாம். ஆனால் உடம்பெல்லாம் பற்றியெரிந்த வெட்கம் பயத்தையும் மீறிக்கொண்டு வந்தது. இந்த முறையாவது போ. மனிசியாய் இருந்தால் இந்த முறையாவது எழும்பிப் போ. விரல் எந்தப் பொத்தானை அமத்தியதென்று அவள் பார்க்கவில்லை.

படியால் ஓடி இறங்கினாள். குசினி. அலுமாரிக்குள் கை விட்டுத் துழாவினாள். பம்ப் அங்கேயே இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டு கராஜ் அறையின் வெள்ளைக் கதவை இழுத்துத் திறந்தாள்.

"பாமா, வந்திட்டன். வந்திட்டன் பிள்ளை."

இருட்டு. சுவிட்சைத் தட்டினாள். லைற் எரியவில்லை. வாயிலிருந்து போன புகை மட்டும் குசினி வெளிச்சத்தில் தெரிந்தது. மடக்குக் கட்டிலில் போர்வை விரித்திருந்தது. முப்பத்தோராம் நாளுக்கு முன்பே அவள் எரித்த போர்வை. உள்ளே இரண்டு அடி வைத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

பிறகு தாழ்ப்பாள். இரும்பு இரும்பில் உரசி, மெதுவாக, கடைசிவரை.

இல்லாத தாழ்ப்பாள்.

தள்ளினாள். தோளால் இடித்தாள். அசையவில்லை. குளிர் நெஞ்சுக்குள் இறங்கி மூச்சை நெரித்தது. அப்போதுதான் மேலேயிருந்து கசெற் கேட்டது. போகிற போக்கில் அவள் அமத்திவிட்டது ஓடவைக்கும் பொத்தான்.

"...அவர்கள் அவளை மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டார்கள்."

ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எழுத்து எழுத்தாகக் கேட்டது. பக்கத்தில் இருந்து காதுக்குள் சொல்வதுபோல் அவ்வளவு துலக்கமாக.

அப்படியென்றால் பாமாவுக்கும் கேட்டிருக்கிறது. கதிரை தள்ளப்பட்டது. வெறுங்கால் நாலு அடி. கதவு. வந்துவிட்டாள், அம்மா வந்துவிட்டாள் என்று இந்த இருட்டுக்குள் அவள் நினைத்திருப்பாள். பிறகு அதே கால் திரும்பிப் போவதையும், குரல் இன்னும் உரத்து வாசிக்கத் தொடங்குவதையும் கேட்டிருப்பாள். எல்லாம் கேட்டபடிதான் செத்திருக்கிறாள்.

நீலவேணி கதவில் நெற்றியை வைத்தாள். "என்னை மன்னி," என்றாள்.

மேலே நாடா முடிந்தது. ரெக்கோடர் டக் என்று தானாக நின்றது.

அமைதி.

"ஆராவது இருக்கிறியளோ!" கத்தினாள். கதவில் அடித்தாள். மூன்று முறை. "ஆராவது வாங்கோ! மூச்சு விட ஏலாமல் கிடக்கு!"

மேலே கதிரை கிறீச்சிட்டது.

வெறுங்கால். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. கதவு திறந்தது. மாடிப்படித் தலைப்பில் ஒருத்தி வந்து நின்றாள். கைபிடியில் மோதிரம் பட்ட சத்தம். நீலவேணி தன் விரலைத் தடவிப் பார்த்தாள். மோதிரம் அவளுடைய விரலில்தான் இருந்தது.

"கீழ வாங்கோ!"

நின்றவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகக் கேட்டாள். பிறகு கால்கள் திரும்பின. கதவு சாத்தப்பட்டது. அமைதியான, படித்த, அவளுடைய சொந்தக் குரல் எந்தக் கசெற்றிலும் இல்லாத புது வரிகளை வாசிக்கத் தொடங்கியது.

இருட்டில் மடக்குக் கட்டில் முனகியது. போர்வை விலகி யாரோ அவளுக்கு இடம்விட்டு நகர்ந்தார்கள். தைல மணம். காதோடு காதாக ஒரு மூச்சு, இழுத்து இழுத்து.

"கத்தாதீங்கம்மா," என்றது. "அவங்களுக்குக் கேக்குது."

மேலே வாசிப்பு இன்னும் கொஞ்சம் உரத்தது.