ஒரு நம்பர் ஜாஸ்தி

“செருப்பு இருக்குங்களா?”

கேட்டபடியே அவள் கடைக்குள் வந்தபோது மாறன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் கண் நேராகத் தரைக்குத்தான் போனது. பத்து வருஷமாகக் கால்களுக்கு அளவெடுத்துப் பிழைக்கிறவனுக்கு வேறெங்கே போகும்... வெறுங்கால்கள். குதிகால் இரண்டிலும் தார் ரோட்டுக் கரி. விரல்கள் சிவந்து கிடந்தன. மெட்டி இல்லை. இந்தக் கடைசி விவரம் பூட்ஸ் விற்கத் தேவையில்லாதது என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் கண் பார்த்துவிட்டது, என்ன செய்வது.

இது செருப்புக் கடை இல்லை, பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் பூட்ஸும் விற்கிற கடை என்று தரையைப் பார்த்தே பதில் சொன்னான். வேங்கிக்கால் மெயின் ரோட்டில் ஆறடிக்குப் போர்டு வைத்திருக்கிறோமே, கண்ணில் படவில்லையா என்றும் சேர்த்துக் கேட்டான். நல்ல பையன்தான். இந்த வாய் ஒன்றுதான் அவனுக்கு எதிரி.

போர்டு பட்டதாம். அதில் பூட்ஸ் படம் இருந்ததாம். பூட்ஸ் விற்கிறவர்கள் கூடவே நாலு ஜோடி செருப்பும் வைத்திருக்க மாட்டார்களா என்றுதான் வந்தாளாம். விடியற்காலையில் அம்மாவோடு கிரிவலம் கிளம்பி, பத்து மணிக்குச் சுற்றி முடித்து வந்து பார்த்தால், கழற்றிவிட்ட இடத்தில் செருப்பைக் காணவில்லை. பௌர்ணமி கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அம்மாவைக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏற்றிவிட்டு அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“வெறுங்காலோடயா வண்டி ஓட்டிட்டு வந்தீங்க?”

“கையால மட்டும் ஓட்ட முடியாதுங்களே. காலும் வேணும்ல.”

ஹெல்மெட் அலமாரிப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அது மாறனின் அக்கா வினோதினி. கடையில் அவளுக்கும் பாதிப் பங்கு, தம்பியின் மானத்தை வாங்குவதில் முழுப் பங்கு.

மாறன் அப்போதுதான் நிமிர்ந்தான். வாசலில் நின்றது ஸ்கூட்டி இல்லை, நானூறு சிசி பைக். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கண் வழியில் அவள் முகத்தில் பட்டது... பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. நெற்றியில் பூசிய விபூதி வியர்வையில் கரைந்து புருவம் வரை வந்திருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள். தூக்கம் கெட்டுச் சிவந்த கண்கள், கோபமான கண்கள், ஆனால் ஓரத்தில் ஒரு சிரிப்பை ஒளித்து வைத்திருக்கிற கண்கள்... ஐயோ, இப்படியா ஒரு மனுஷனைப் பார்ப்பார்கள் என்று மாறன் மனசுக்குள் உட்கார்ந்துவிட்டான்.

பெயர் மதிவதனி. கீழ்பென்னாத்தூரில் வேளாண்மை அலுவலர். பன்னிரண்டு நாளில், வியாழக்கிழமை காலை, நாலு தோழிகளோடு லடாக் கிளம்புகிறாள். பெண் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று அம்மா ரேணுகாம்பாள் போட்ட வேண்டுதல்தான் இன்றைய கிரிவலம். பூட்ஸ் இன்னும் வாங்கவில்லை, ஆன்லைனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவள் சொன்னதும் மாறனுக்கு நெஞ்சே வலித்தது. பூட்ஸை யாராவது படம் பார்த்து வாங்குவார்களா?

அப்புறம் கேட்க வேண்டுமா... அவன் கடை முழுவதையும் இறக்கிவிட்டான். முதலில் முழங்கால் வரை ஏறுகிற பெரிய பூட்ஸ். கல்லும் முள்ளுமாக எங்கே விழுந்தாலும் எலும்புக்கு ஒன்றும் ஆகாது என்றான். அதைப் போட்டு அவள் நாலடி நடந்தாள். பொய்க்கால் குதிரை போல் இருந்தது. இதைப் போட்டுக்கொண்டு விழாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று கழற்றிவிட்டாள். அடுத்தது கணுக்காலோடு நிற்கிற ஷூ. நடக்கச் சுகம், ஆனால் ஓடையைக் கடந்தால் உள்ளே மீன் வளர்க்கலாம் என்று அவனே ஒதுக்கிவிட்டான்.

அவள் கேட்டது இதுதான். லடாக்குக்கும் ஆக வேண்டும், திரும்பி வந்தபின் வயலுக்கும் ஆக வேண்டும். தண்ணீர் இறங்கக் கூடாது, கணுக்கால் மடங்கக் கூடாது, ஆபீஸ் படியேறினால் போலீஸ் வருகிற மாதிரி சத்தம் கேட்கக் கூடாது. ஒரே ஜோடி, எல்லா வேலைக்கும்.

“பூட்ஸ் கேக்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா?” என்றான் மாறன். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. காது மடல் சூடாகிவிட்டது.

“மாப்பிள்ளைனா இவ்ளோ கண்டிஷன் போட மாட்டேங்க. அதுக்கு கம்மிதான்,” என்றாள் அவள், கொஞ்சமும் அசையாமல்.

மாறன் முழங்காலுக்குப் பாதி உயரத்தில் நிற்கிற ஒரு பழுப்பு பூட்ஸை எடுத்து வந்தான். அளவுப் பலகையில் அவள் காலை வைக்கச் சொல்லிப் பார்த்தான், நாற்பது. நாற்பதை மாட்டிவிட்டான். அவள் நடந்தாள். மாடிப்படி ஏறி இறங்கினாள். பைக்கில் உட்கார்ந்து கியர் போட்டுப் பார்த்தாள். கடைசியில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள்... கடை நடுவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, டைல்ஸில் இல்லாத ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். நாள் முழுக்க அவள் வேலை அதுதானே. இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட இந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. மாறன் அந்த இடத்திலேயே காலி. கச்சிதமாக இருக்கிறது என்று அவள் சொன்னது அவன் காதில் ஏதோ பாட்டு மாதிரி விழுந்தது.

ஒன்பது நாள் அந்தப் பாட்டோடு ஓடியது. திங்கட்கிழமை மத்தியானம் அவள் திரும்பி வந்தாள். பூட்ஸ் காலில் இல்லை, கையில் இருந்தது. முழங்கையில் சிராய்ப்பு.

நடந்தது இது. கலெக்டர் ஆபீஸ் எதிரில் வண்டியை நிறுத்தப் போயிருக்கிறாள். கியர் மாற்றும்போது பூட்ஸ் முனை லிவருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் உள்ளே குதிகால் மட்டும் ஏறி வருகிறது, பூட்ஸ் வரவில்லை. நின்ற வண்டியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். அன்றைக்கென்று திங்கட்கிழமை, குறைதீர்ப்பு நாள். மனு கொடுக்க வந்த ஊரே சேர்ந்து அவளைத் தூக்கி நிறுத்தியது. ஒரு பெரியவர், இப்படி விழுந்தால்தான் கவனிக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வேறு போயிருக்கிறார்.

மாறன் அளவுப் பலகையை எடுத்து வந்து மறுபடி பார்த்தான். முப்பத்தொன்பது. துடைத்துவிட்டுப் பார்த்தான். முப்பத்தொன்பதேதான்.

இங்கேதான் அவன் ஒரு மன்னிப்பைக் கேட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அளவு தப்பி ஒரு ஜோடிகூடத் திரும்பி வந்ததில்லை என்று பத்து வருஷமாகப் பீற்றிக்கொண்ட வாய் அது. அவள் எதிரில் அது இறங்கி வருமா?

“என் அளவு தப்பாதுங்க. உங்க காலுதான் சின்னதாயிட்டிருக்கு.”

“தேஞ்சு போறதுக்கு அது என்ன பென்சிலா?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பூட்ஸை கவுன்ட்டரில் வைத்துவிட்டு, வியாழக்கிழமை காலை பழைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன் என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

“உரம் போட்ட மறுநாளே மண்ணு எடுத்து டெஸ்டுக்குக் குடுத்தா எல்லாம் ஜாஸ்தியாதாங்க காட்டும். அது மண்ணோட தப்பு இல்ல, எடுத்தவரோட தப்பு.”

மண்ணுக்கும் பூட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று மாறனுக்குப் புரியவில்லை. கேன்வாஸ் ஷூ மட்டும் புரிந்தது. இருநூறு கிலோ வண்டி கல் ரோட்டில் கணுக்கால்மேல் சாய்ந்தால் கேன்வாஸ் துணி என்ன செய்யும்? அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. வந்தவர்கள் கையுறை கேட்டால் ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வினோதினிக்குப் பொறுமை போய்விட்டது. தம்பியின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படிக்கச் சொன்னாள். நாலு வருஷமாக அங்கே இருக்கிறது. அவனே கை வலிக்க எழுதி ஒட்டியது. கிரிவலம் போன அன்று கால் அளவு எடுக்கப்படாது, மறுநாள் வரவும்.

பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்தால் கால் ஒரு நம்பர் வீங்கும். திருவண்ணாமலையில் பூட்ஸ் விற்கிற எவனுக்கும் இதுதான் முதல் பாடம். இதைச் சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறான்... சண்டை போட்டவர்களைக்கூட விட்டதில்லை. அந்தச் சிவந்த விரல்களையும் தார்க் கரியையும் முதலில் பார்த்தவனே அவன்தான். பார்த்தும் அளவெடுத்திருக்கிறான்.

“ஏன்டா எடுத்த?” என்றாள் அக்கா. பதில் அவனுக்குத் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டிய இடம்தான் அது இல்லை.

அந்த மாடலில் முப்பத்தொன்பது கடையில் இல்லை. பெங்களூரு டீலரிடம் ஒரே ஒரு ஜோடி இருந்தது. பார்சலில் வந்தால் சனிக்கிழமை ஆகும். புதன்கிழமை விடிந்ததும் மாறன் பைக்கை எடுத்தான். டீலர் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே போய் நின்றான், பெட்டியைப் பின்னால் கட்டினான், சாப்பிடாமல் திரும்பினான். நாலு மணிக்குக் கீழ்பென்னாத்தூர் ஆபீஸில் விசாரித்தால், மேடம் லீவுக்கு முன்னால் கடைசியாக சக்கரவர்த்தி என்கிற விவசாயியின் மல்லாட்டைக் கொல்லையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள் என்றார்கள். அவன் அங்கே போய் இறங்கவும் தூறல் ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

சாண் உயர வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ரப்பர் செருப்பு. பக்கத்தில் கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சக்கரவர்த்தி. மாறன் பெட்டியும் கையுமாக வரப்பில் வழுக்கி, எழுந்து, மறுபடி வழுக்கி வந்து சேர்ந்தான். அவள் எழுந்து நின்றாள். மழைத்துளி இமையில் நின்றிருந்தது... கண் மட்டும் இன்னும் திங்கட்கிழமையிலேயே இருந்தது.

அவன் ஈர மண்ணில் அப்படியே மண்டியிட்டான். பெட்டியைத் திறந்து பூட்ஸை எடுத்தான். காலைக் கொடுங்கள் என்று கையை நீட்டினான்.

சக்கரவர்த்தி பதறிவிட்டார். “இன்னா தம்பி, மேடம் கால்ல எல்லாம் விழுற? மானியம் வரலியா?”

“விழலீங்க, அளவு பாக்குறேன்,” என்றான் மாறன். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். “இல்ல... விழுறேன்தாங்க. தப்பு என்னுது. கிரிவலம் போன கால்ல அளவு எடுக்கக் கூடாதுனு ஊருக்கே எழுதி ஒட்டினவன் நான். நானே எடுத்துட்டேன். அது போதாதுனு உங்க கால் மேலயே பழி போட்டேன்.”

அவள் வலது காலை நீட்டினாள். அவன் சேற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்தான், சாக்ஸை இழுத்துவிட்டான், பூட்ஸை மாட்டினான். அப்புறம் இடது கால். ஈரக் கையில் பக்கிள் மூன்று தடவை வழுக்கியது.

“அவ்ளோ தெரிஞ்சவரு அன்னிக்கி ஏன் எடுத்தீங்க?”

மழை கொஞ்சம் வலுத்தது. மாறன் பக்கிளைப் பிடித்தபடியே சொன்னான்.

“பத்து வருஷமா காலு மட்டும்தாங்க பாத்திருக்கேன். அன்னிக்கி உங்க மொகத்தப் பாத்துட்டேன். அதுக்கப்புறம் எதுவும் ஞாபகத்துல நிக்கல. எனக்கு உங்கள அவ்ளோ புடிச்சிருக்கு... வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. ஆனா இத மட்டும் போட்டுட்டுப் போங்க. கேன்வாஸ் ஷூல போனீங்கனா, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் தூங்க மாட்டேன்.”

அவள் வரப்போடு நடந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். ஓரத்தில் நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி கியரைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள். பூட்ஸ் எங்கும் மாட்டவில்லை. குதிகால் அசையவில்லை. மாறன் மண்டியிட்ட இடத்திலேயே கிடந்தான். எழலாமா கூடாதா என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையே.

திரும்பி வந்து அவன் எதிரில் நின்றாள்.

“மறுநாள் வீக்கம் வத்தினதுமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு, எங்க தப்பாச்சுனு. போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். நீங்களா சொல்றீங்களானு பாக்கணும்னு இருந்துச்சு. திங்கக்கிழம நீங்க பேசினதக் கேட்டுட்டு, வீட்டுக்குப் போயி அழுதேன். பூட்ஸுக்காக யாராச்சும் அழுவாங்களா, மாறன்?”

மாறன். சார் இல்லை, கடைக்காரர் இல்லை, மாறன். அவன் வாயைத் திறந்தான். எதிரி அன்றைக்கு லீவு போலிருக்கிறது, ஒரு சொல்லும் வரவில்லை.

அவள் கையை நீட்டினாள். சேற்றுக் கையை அவன் பேண்டில் துடைக்கப் போக, துடைக்க விடாமல் அப்படியே பிடித்து அவனைத் தூக்கி நிறுத்தினாள். இருபது நாளில் வந்துவிடுவேன், அதற்குள் அப்பா இராமலிங்கத்திடம் வந்து பேசுகிற தைரியத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். குரல் கறாராகத்தான் இருந்தது. கையை மட்டும் விடவில்லை.

கோணிக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சக்கரவர்த்திக்கு, தன் கொல்லையில் நடக்கிற வியாபாரம் முடிந்ததா இல்லையா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

“இன்னா மேடம், பூட்ஸு புடிச்சிருக்கா?”

மதிவதனி மாறனைப் பார்த்தபடியே சொன்னாள்.

“பூட்ஸ் சரியா இருக்குண்ணே. புடிச்சிருக்கறது வேற.”