எல்லை மரத்துக்கு வைத்த தீ

நிலக் கோர்ட் கல்பாராவுக்கு வந்து உட்காருவது வருஷத்தில் ஒரு தடவைதான். அதற்கு முந்தின நாள் காலை, மாட்டுப் பண்ணைக்காரர் வெர்ன் ஸ்ட்ரேக்கர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வக்கீல் நோலாவின் அறைக்குள் நுழைந்தார்.

“எல்லை மரத்தைக் கொளுத்திட்டான் வக்கீலம்மா, அந்த ஓப்பல்காரன் ஈவோ! சர்வேக்காரங்க செதுக்கின அடையாளமே அதுலதான் இருந்துச்சு. நாளைக்கு ஜட்ஜ் வந்து எதைப் பார்ப்பாரு?”

விவகாரம் இதுதான். ஓடைக்கரையில் ஓப்பல் ரத்தினக்கல் தோண்ட ஈவோ குத்தகை கேட்டிருந்தான். நிலத்துக்காரருக்கான நஷ்டஈடு முடிவாகாமல் குத்தகை கிடைக்காது. பேச்சு படியாததால் விஷயம் நிலக் கோர்ட்டுக்குப் போனது. நோட்டீஸ் பக்கத்துப் பண்ணை மேவிஸ் டார்சியின் பேருக்கு வந்தது. ஆனால் அந்த நிலம் வெர்னின் வேலிக்குள் இருந்தது. என்னுடையது என்று அவர் மனுப் போட்டார். எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. நிலம் யாருடையது என்ற சண்டை வந்தால் வழக்குக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, பிரிஸ்பேனில் உள்ள பெரிய கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடும்.

“கியோவைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்துடலாம்” என்றாள் நோலா.

“அவரு எதுக்கு? இதுல துப்பறிய என்ன இருக்கு?” என்றார் வெர்ன்.

கியோ மாட்டுத் திருட்டுப் பிரிவில் போலீஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நோலாவின் வழக்குகளுக்கு விசாரித்துக் கொடுப்பார். நிதானமான மனுஷர். நோலாவோ அடுப்பில் பால் வைத்த அவசரத்தில் எதையும் செய்கிறவள். போகிற வழியில் ஹோட்டலில் ஈவோ முட்டை தின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் உள்ளே போய், ஊரே கேட்கக் கத்தினாள்: “மரத்தைக் கொளுத்திட்டு முட்டை வேற கேக்குதா, திருட்டுப் பயலே?”

ஈவோ முள்கரண்டியைக் கீழே வைத்தான். “நான் எதுக்கும்மா கொளுத்தணும்?”

பதிலுக்கு நிற்காமல் வெளியே வந்தாள். கியோ அவனுக்குத் தலையசைத்துவிட்டுப் பின்னால் நடந்தார்.

எல்லையில் நின்ற கிட்ஜி மரம் அடிக்கட்டையாகப் புகைந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி வட்டமாகப் புல் செதுக்கப்பட்டு வெறுந்தரையாக இருந்தது. வட்டத்துக்கு வெளியே முழங்கால் உயரப் புல் ஒரு தாள்கூடக் கருகாமல் நின்றது. கட்டையின் ஒரு பக்கம் சாம்பல் சேறாகிக் கிடக்க, அதன் அருகில் ஒரு நசுங்கிய தகர வாளி.

“டி-ன்னு முத்திரை போட்டிருக்கு. டார்சி வீட்டு வாளி! அண்ணே, அப்போ இது மேவிஸ் வேலை!” என்றாள் நோலா.

“காலையில ஈவோன்னியேம்மா” என்றார் கியோ. பிறகு வெர்னிடம் திரும்பினார். “மாடு ஒண்ணையும் காணோமே?”

“போன வாரமே வடக்கே ஓட்டிட்டேன்.”

“இவ்வளவு புல்லை விட்டுட்டா?”

வெர்ன் வண்டிப் பக்கம் போனார்.

மறுநாள் கோர்ட் வராந்தாவில் நோலா, வெர்ன், ஈவோ, மேவிஸ் நால்வரையும் உட்கார வைத்தார் கியோ. மேவிஸின் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது.

“ஈவோவுக்கு இது இன்னிக்கே முடிஞ்சாகணும். உரிமைச் சண்டை வந்தா அவன் குத்தகை வருஷக்கணக்குல தொங்கும். தன் வயித்துல தானே அடிச்சுக்குவானா? மேவிஸக்கா தண்ணி தூக்கிட்டு வந்திருக்காங்க. கொளுத்தினவங்க எதுக்கு அணைக்கணும்? மிச்சம் இருக்கிறது அந்த வட்டம். தீ வைக்கிறவன் அடுத்தவன் புல்லைப் பத்திக் கவலைப்பட மாட்டான். சொந்த மாடு மேயற புல்லா இருந்தாத்தான் உட்கார்ந்து செதுக்குவான். மாட்டையும் முன்னாடியே ஓட்டிடுவான்.”

நோலாவுக்குக் காது சுட்டது. வட்டத்தை அவளும்தான் பார்த்திருந்தாள்.

“மரம் நின்ன ஓடையிலதான் அசல் எல்லை” என்றார் கியோ. “வெள்ளம் வர்றப்போ எல்லாம் வேலியை அடிச்சிட்டுப் போகுதுன்னு, ரெண்டு பண்ணைக்காரங்களும் பேசி மேட்டுல போட்டுக்கிட்டாங்க. மரம் நின்னா அது தெரிஞ்சுடும். சரிதானே வெர்ன்?”

வெர்ன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். “அந்த நோட்டீஸ்ல என் பேரே இல்ல. நாப்பது வருஷம் அந்தத் தரையில உழைச்சிருக்கேன். யாரோ மாதிரி என்னைத் தள்ளிட்டாங்களேன்னு இருந்துச்சு.”

அதற்குள் கோர்ட்டில் கூப்பிட்டார்கள்.

“உரிமை பற்றித் தகராறு உண்டா? உண்டென்றால் இதை நான் கேட்க முடியாது” என்றார் ஜட்ஜ்.

நோலா எழுந்தாள். கட்சிக்காரர் அவள் முழங்கையைத் தொட்டு உட்காரச் சொன்னார்.

“தகராறு இல்லீங்க” என்றார் வெர்ன். “நிலம் மேவிஸோடது. மரத்தைக் கொளுத்தினது நான்.”

தீ வைத்ததற்குப் போலீஸ் தனியாக விசாரிக்கும் என்று சொல்லிவிட்டு, ஜட்ஜ் வழக்குக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேவிஸ் கையைத் தூக்கினாள்.

“ஐயா, காகிதத்துல நிலம் என்னோடது. மேயறது அவரு மாடு. குழி தோண்டினா நஷ்டம் அவருக்குத்தான். ஈடு அவருக்குப் போகட்டும். இதை அவர்கிட்டச் சொல்லத்தான் முந்தாநாள் சாயங்காலம் கிளம்பினேன். புகை தெரிஞ்சுது. அவரு புல்லு எரியுதேன்னு வாளியை எடுத்துட்டு ஓடினேன்.”

வெர்ன் அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். குற்றத்தைச் சொன்னபோது நிமிர்ந்து நின்றவர், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் வரை அந்தத் தொப்பி இறங்கவில்லை.

வராந்தாவில் நோலா ஈவோவின் அருகே போய், தணிந்த குரலில், “தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுடு” என்றாள்.

ஈவோ ஹோட்டலைக் காட்டினான். “அங்கதானேம்மா சொன்னீங்க? இதையும் அங்கயே அதே சத்தத்துல சொல்லுங்க.”

ஹோட்டலில் நேற்றைய ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நோலா படியேறி உள்ளே போனாள்.