கரி ஒட்டிய இடம்

கரி ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டியிருந்தது.

வெண்டல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். காரேஜ் கதவு பாதி திறந்திருந்தது. அக்டோபர் மாதத்துப் பிற்பகல் வெயில் வேலைமேசை வரைக்கும் வந்து எண்ணெய் வாசனையையும் மரத்தூள் வாசனையையும் மெல்லச் சூடாக்கிக்கொண்டிருக்க, வெளியே உதிர்ந்த இலைகள் சிமென்ட் தரையில் உரசி உரசி நகர்ந்தன. துப்பாக்கிக் குழலைத் தாங்கும் மரக் கட்டையைப் புதிதாகப் பொருத்துவது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். இரும்புக் குழலில் விளக்குக்கரி பூசி, கட்டையின் பள்ளத்தில் அழுத்தி எடுத்தால், மரம் எங்கே இடிக்கிறதோ அங்கே கரி ஒட்டும். ஒட்டிய இடத்தை உளியால் சுரண்ட வேண்டும். கரியே ஒட்டாமல் போகும் வரைக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆனால் இப்போது கரி இருந்தது பள்ளத்தில் அல்ல. இரும்பே தொடாத பக்கவாட்டில், சுடுகிறவன் கன்னத்தைச் சாய்க்கும் இடத்தில், ஒரு கன்னத்தின் அளவுக்கு இருந்தது.

அவருடைய துப்பாக்கி அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துத் துப்பாக்கியின் நகல். போன மாதம், போரை நடித்துக் காட்டும் மைதானத்தில், காற்றுக்குச் சாய்ந்து விழுந்து கட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. அடுத்த நடிப்பு வரும் சனிக்கிழமை; அதற்குள் வேறு கட்டை வேண்டும். மகன் கர்ட் வருகிறான். அம்மாவைப் புதைத்த அன்று சண்டை போட்டுவிட்டுப் போனவன், நான்கு வருடம் கழித்து போனில், "உன் பக்கத்துல நின்னு சுடறேன்ப்பா" என்றான். வெண்டலுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

பழைய சாமான் விற்கும் ஆர்வில் என்பவனிடம் போய்க் கேட்டபோது அவன் மூன்று கட்டைகளை எடுத்து வைத்தான். முதலாவது தொழிற்சாலைப் பளபளப்பு; அதைத் தூக்கிக்கொண்டு போனால் நடிப்புப் படையில் இருப்பவர்கள், "ஏம்ப்பா, சாப்பாட்டு மேசைக் காலைக் கழட்டிட்டு வந்துட்டியா?" என்று மானத்தை வாங்கிவிடுவார்கள். இரண்டாவது, பாதி செதுக்கிய புது வால்நட் மரம். மூன்றாவது அந்தப் போருக்கே போய்வந்தது. இரும்பெல்லாம் போய் மரம் மட்டும் மிஞ்சியிருந்தது.

"அது யாரோ குட்டையான ஆளோடது. உனக்குச் சரிப்படாது. ரெண்டாவதை எடுத்துட்டு நிம்மதியாப் போ," என்றான் ஆர்வில்.

"ஒத்துவர வெச்சுடலாம்," என்று மூன்றாவதை எடுத்துக்கொண்டார் வெண்டல். அசல் என்ற ஒரு சொல்லுக்கு அவர் எதையும் கொடுப்பார்.

காரேஜில் இப்போது கட்டையைத் துடைத்தார். கை கழுவப் போனவர் குழாய்க்கு மேலிருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். வலது கன்ன எலும்பின் மேல் கரி. கை பட்டிருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தார், போய்விட்டது. துப்பாக்கியைத் தோளில் வைத்து ஒருமுறை குறி பார்த்துவிட்டு வந்து மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அதே இடம். அதே அளவு.

பயம் வந்தது. கட்டையைக் கழற்றிக் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு, கரி டப்பாவைக் குப்பையில் எறிந்தார். மறுநாள் காலையில் தலையணை உறையில் கரி. அன்று மத்தியானமே ஆர்விலிடம் ஓடினார்.

"அந்த ரெண்டாவது கட்டை இருக்கா?"

"நேத்தே வித்துட்டேன். மூஞ்சில என்ன, கரி?"

வீட்டுக்கு வந்தார். கழுவினார். ஒட்டியது. கழுவினார். ஒட்டியது. தோல் எரிந்தது. எங்கே இடிக்கிறது என்று கரிதான் சொல்லும். எதைச் சுரண்ட வேண்டும் என்றும் அதுதான் சொல்லும். இது அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் கட்டையைத் திரும்ப எடுத்து வந்து குழலோடு பொருத்தினார். உளியைத் தீட்டினார்.

சனிக்கிழமை காலை கன்னத்தில் கட்டுப்போட்டிருந்தார். துப்பாக்கியைத் தோளில் வைத்தபோது முகம் கட்டையில் அச்சாக உட்கார்ந்தது. கரி இல்லை. முடிந்துவிட்டது என்று நம்பினார். வலியையும் மீறி அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

கர்ட் நேராகக் காரேஜுக்குள் வந்தான். அம்மாவின் முகம் அவனுக்கு.

"என்னப்பா கன்னத்துல?"

"ஷேவ் பண்றப்போ பட்டுடுச்சு."

"இந்த வயசுலயும் ஒழுங்கா ஷேவ் பண்ணத் தெரியலையா உனக்கு," என்று சிரித்துக்கொண்டே, அவர் தடுப்பதற்குள் மேசைமேல் இருந்த துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தான். "அசல் மரமா? அட, நல்லா உட்காருதே. கன்னத்துல மட்டும் கொஞ்சம் இடிக்குது."

இறக்கினான். திரும்பினான்.

வலது கன்னம். கரி.

வெண்டல் தன் கைக்குட்டையால் துடைத்தார். போனது. வந்தது. கதவுக்கு வெளியே இலைகள் உரசும் சத்தம் நின்றிருந்தது.

"விடுப்பா, நானே கழுவிக்கறேன்."

ஓடிப் போ என்றுதான் சொல்ல நினைத்தார்.

"அசையாம நில்லுடா," என்றது அவர் குரல். "ஒத்துவர வெச்சுடலாம்."

இடது கை மகனின் தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்திருந்தது. வலது கையில் உளி.