லிட்டருக்கு ஐம்பது மில்லி

நிலவில் இருக்கும் முத்துக்குடியில் அன்று காலையிலிருந்து ஒரே கூத்து. எண்ணூறு பேருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இன்னும் பத்தே நாள்! புதிய நீர்மீட்பான் ஓடத் தொடங்கிவிட்டால் ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர், தலையோடு ஊற்றிக் குளிக்கலாம். ஆறு வருஷமாக ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்த, பூமியிலிருந்து வந்து குடியேறிய தூத்துக்குடிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

பழைய நீர்மீட்பானை எட்டு மணிக்கே அறுத்துப் போட்டாயிற்று. அதன் குழாய்களைத்தான் புதியதில் பொருத்த வேண்டும். அதுவரை கழிவுநீர் சுத்தமாகித் திரும்பாது. சேமிப்புத் தொட்டியில் இருக்கும் நாற்பதாயிரம் லிட்டர்தான் கதி. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர். எண்ணூறு பேருக்கு நாலாயிரம். பத்து நாளைக்கு நாற்பதாயிரம். கச்சிதம்!

இந்தக் கணக்கை மனிதர் யாரும் போடவில்லை, அளப்பான் என்ற இயந்திரம் போட்டது. அரிசியோ துணியோ தண்ணீரோ, சுவரில் இருக்கும் அதன் வாயைப் பார்த்து "ஒரு கிலோ", "இரண்டு மீட்டர்", "ஐந்து லிட்டர்" என்றால் அளந்து தந்துவிடும். கையிருப்பையும் அதுவே கழித்துச் சொல்லும். அது வந்த பிறகு இந்த ஊரில் எவரும் கூட்டல்கூடப் போட்டதில்லை.

தண்ணீர்ப் பொறுப்பாளர் ரெஜினாவுக்கு அன்று ஓர் ஆசை. அத்தனை தண்ணீரையும் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். ஏணியில் ஏறித் தொட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே தரை தெரிந்தது.

"அளப்பான், தொட்டியில எவ்வளவு இருக்கு?"

"நாற்பதாயிரம் லிட்டர்."

"நாசமாப் போச்சு!"

சத்தம் கேட்டு ஊர்த்தலைவர் ஞானதுரை ஓடிவந்தார். ஏறி எட்டிப் பார்த்தவருக்கு முகம் வெளிறிவிட்டது. பூமியிலிருந்து தண்ணீர்க் கப்பல் வரப் பதினைந்து நாள் ஆகும். பழைய இயந்திரமோ துண்டு துண்டாகக் கிடக்கிறது.

"எங்கயும் ஒழுகுதா புள்ள?"

"ஒரு சொட்டு ஒழுகல அண்ணாச்சி. இருங்க. அளப்பான், நேத்து எனக்கு எவ்வளவு தண்ணி குடுத்த?"

"ஐந்து லிட்டர். கொசுறு இருநூற்றைம்பது மில்லி. கொசுறு கணக்கில் சேராது, உத்தரவு அப்படி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உத்தரவு போட்டதே ஞானதுரைதான். இருநூறு நாளைக்கு முன் ஊரே சண்டைக்கு நின்றது. அளந்து ஊற்றிவிட்டு உடனே வாயை மூடிக்கொள்கிறதே, இதெல்லாம் ஒரு கடையா? கத்தரிக்காய் வாங்கினால் நாலு கறிவேப்பிலையாவது போட மாட்டார்களா? சரி, தண்ணீருக்கு மட்டும் லிட்டருக்கு ஐம்பது மில்லி கொசுறு என்று முடிவாயிற்று. குடித்த தண்ணீர் சுத்தமாகித் திரும்ப வந்துவிடும், யாருக்கும் நட்டமில்லை. "கொசுறுக்குக் கணக்கு வச்சா அது கொசுறா, வே?" என்று ஞானதுரை கேட்க, கூட்டமே கை தட்டியது.

ரெஜினா தொட்டிச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதத் தொடங்கினாள். ஒரு பூஜ்யம் கூடிப்போய், அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"ஆளுக்குக் கால் லிட்டர். நாலு பேருக்கு ஒரு லிட்டர். எண்ணூறு பேருக்கு இருநூறு லிட்டர். இருநூறு நாளைக்கு... அண்ணாச்சி! நாற்பதாயிரம்! அப்படியே நாற்பதாயிரம்!"

"அட ஆமா! ஆனா குடிச்சது திரும்பி வந்திருக்கணுமே?"

"எவ குடிச்சா? குடம் குடமாப் பிடிச்சில்லா வச்சிருக்கோம்!"

அவள் கட்டிலுக்கு அடியிலேயே எண்ணெய் கேன்களில் ஐம்பது லிட்டர் இருந்தது. வீட்டில் நாலு குடம் நிறைந்திருக்காவிட்டால் எவருக்குத் தூக்கம் வரும்? அப்படியென்றால் தண்ணீர் எங்கும் போகவில்லை. எல்லா வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் பத்திரமாக இருக்கிறது! ரெஜினாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அறிவிப்பு போனதும் ஊர் திரண்டது. குடம், கேன், குக்கர், குழந்தையின் பால்புட்டி வரை வந்தது. ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே ஊற்றினார்கள். "ஒரு சொட்டு பாக்கி வைக்கல, கவுத்திட்டேன்!" என்றாள் பொன்மாரி, கடைசிக் கேனைத் தட்டிக் காட்டி. சிரிப்பும் கும்மாளமுமாக மாலைக்குள் அத்தனை பேரும் ஊற்றி முடித்தார்கள்.

ரெஜினா இந்த முறை அளப்பானை நம்பவில்லை. தொட்டியின் நீளம் ஐந்து மீட்டர், அகலம் நாலு, உயரம் இரண்டு. பெருக்கினால் நாற்பது கன மீட்டர். கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர். ஆக, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு இருநூறு லிட்டர். சென்டிமீட்டர் குறித்த கம்பியைச் செங்குத்தாக இறக்கி, எடுத்து, ஈரம் ஏறிய இடத்தைப் பார்த்தாள்.

நூற்றுத்தொண்ணூறு.

மறுபடி இறக்கினாள். அதே நூற்றுத்தொண்ணூறு.

"பத்து சென்டிமீட்டர் குறையுது. ரெண்டாயிரம் லிட்டர். பத்தாம் நாள் மத்தியானத்துக்கு மேல பச்சப்புள்ளைக்குக்கூட வாய் நனைக்கத் தண்ணி இருக்காது."

"எவன் பதுக்குனான்?" ஞானதுரை கொதித்தார். "வீடு வீடாச் சோதனை போடுவோம்!"

ரெஜினா சுவரில் இன்னொரு கணக்குப் போட்டாள். நாற்பதாயிரத்தில் இரண்டாயிரம். லிட்டருக்கு ஐம்பது மில்லி.

"யாரும் தனியாப் பதுக்கல அண்ணாச்சி. ஐம்பது லிட்டருக்கு ரெண்டரை வீதம் ஊரே எடுத்து வச்சிருக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "எங்க வீட்டுலயும் ஒரு கேன்ல ரெண்டரை இருக்கு. உங்க வீட்டுல?"

அண்ணாச்சி தொட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அவ்வளவுதான் இருக்கும்," என்றார்.

கூட்டல் மறந்துபோன எண்ணூறு பேரும், எந்த இயந்திரமும் இல்லாமல், ஒரு மில்லி பிசகாமல் அளந்திருக்கிறார்கள்!

"இன்னொரு தடவை அறிவிப்போமா?"

"அறிவிப்போம். அதுக்கு முன்னால நீங்க உங்களுதைக் கொண்டாங்க அண்ணாச்சி."

"ஏன், நீ முதல்ல கொண்டாயேன்," என்றார் ஞானதுரை.

இரண்டு பேரும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.